பழைய டிராக்டருக்கு கூடுதல் பவர்: 2.5 லட்சம் கடன் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



நம்ம சேனல்ல வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஐ.டி.ஆர். பத்திதான் பேசுவோம். இன்னைக்கு டிராக்டர். "சார், நான் ஐ.டி. கம்பெனில வேலை பார்க்கிறேன், எனக்கு எதுக்கு டிராக்டர்?"னு உடனே க்ளோஸ் பண்ணிடாதீங்க. மாசச் சம்பளம் வாங்குற நம்மில் பல பேருக்கு ஊர்ல ஒரு நிலம், ஒரு பழைய வண்டி, அதை நம்பி ஒரு அப்பா இருக்கார். அந்த அப்பாவுக்காக நாம அவசரத்துல எடுக்குற கடன்தான் பல சமயம் நம்ம நிதித் திட்டத்தையே கவிழ்த்து விடுது.

இது என் சொந்தக் குடும்பத்துல நடந்தது. ஒரு சி.ஏ.வா நான் முதல்ல சொன்ன ஆலோசனை தப்பு. அதையும் மறைக்காம சொல்றேன்.

போன் வந்த கதை

என் சித்தப்பாவுக்கு முசிறி பக்கத்துல மூணு ஏக்கர் வாழை, கொஞ்சம் நெல். அவர்கிட்ட 1994 மாடல் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இருக்கு. தன் நிலத்துக்கு ஓட்டினது போக, ஊர்ல மத்தவங்களுக்கு வாடகைக்கு உழுவார். அவர் பையன் சென்னைல வேலை பார்க்கிறான். கைக்கு 46,000 வருது. ஒரு நாள் ராத்திரி போன் பண்ணான்.

"அண்ணா, அப்பா வண்டி இழுக்க மாட்டேங்குது. எல்லாரும் புது வண்டியை கூப்பிடுறாங்க. ஒரு மெக்கானிக் டர்போ போட்டு, பம்ப்ல டீசல் ஏத்தி, லைனர் பிஸ்டன் மாத்தித் தர்றேன்னு சொல்றார். 1 லட்சத்து 60 ஆயிரம். கூடவே 6 அடி ரோட்டாவேட்டர் செகண்ட் ஹேண்ட்ல 90 ஆயிரத்துக்கு இருக்கு. மொத்தம் 2.5 லட்சம். பர்சனல் லோன் 14 பர்சென்ட்ல ஆப்ல அப்ரூவ் ஆயிடுச்சு. பட்டனை அழுத்தவா?"

நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "முப்பது வருஷ வண்டிக்கு எதுக்குடா செலவு? கிடைக்கிற விலைக்கு வித்துட்டு, வாடகை வண்டி வெச்சு உழச் சொல்லு."

இது சித்தப்பா காதுக்குப் போச்சு. ரெண்டு நாள் என் போனை அவர் எடுக்கல. மூணாவது நாள் எடுத்தவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "நீ பெரிய படிப்பு படிச்சவன் தம்பி. ஆனா என் நோட்டை பார்க்காமலே கணக்கு முடிச்சிட்டியே."

அது சுருக்குனு குத்துச்சு. புத்தகத்தைப் பார்க்காம ரிப்போர்ட் கொடுக்குறது எங்க தொழில்ல பெரிய பாவம். அந்த வாரக் கடைசிலயே ஊருக்குப் போனேன்.

நோட்டு சொன்ன விஷயம்

சித்தப்பா ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் ஓட்டினார், யார் நிலம், எவ்வளவு டீசல் எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்தார். வாடகை உழவு மட்டும் பார்த்தேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி: 310 மணி நேரம்.
அடுத்த வருஷம்: 260 மணி நேரம்.
போன வருஷம்: 190 மணி நேரம்.

அவர் ஊர் ரேட் கொக்கிக் கலப்பைக்கு மணிக்கு 1,000 ரூபாய். டீசல் மணிக்கு சுமார் 4 லிட்டர், லிட்டர் 92 ரூபாய்னு வெச்சா 368 ரூபாய். ஓட்டுறது அவரே. வருஷ ரிப்பேர், ஆயில் எல்லாம் 35,000.

310 மணி நேரம் ஓடினப்போ மிச்சம்: 3,10,000 – 1,14,080 – 35,000 = 1,60,920 ரூபாய்.
190 மணி நேரம் ஓடினப்போ மிச்சம்: 1,90,000 – 69,920 – 35,000 = 85,080 ரூபாய்.

வருமானம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. காரணமும் நியாயமானது. உழவுக்கு மணிக் கணக்குல காசு. முன்னாடி ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்ச ஒரு ஏக்கருக்கு இப்போ ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகுது. யார் கூடுதலா காசு கொடுப்பாங்க? "வித்துடுங்க"னு நான் சொன்னது, நல்ல நாள்ல வருஷத்துக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல கொடுத்த ஒரு தொழிலை. அதை நான் பார்க்கவே இல்ல.

அப்போ உண்மையான கேள்வி இதுதான்: இந்த வண்டிக்கு *புதுசா* பவர் வேணுமா, இல்ல *தொலைஞ்ச* பவரைத் தேடி எடுக்கணுமா?

ஹெச்.பி.ன்னா என்ன?

மாஸி 1035-ன் மூதாதை இங்கிலாந்தோட மாஸி பெர்குசன் 35. அந்த வண்டில வந்த பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின் 152 கன அங்குலம், அதாவது சுமார் 2.5 லிட்டர். நம்ம ஊர்ல சென்னை டாஃபே நிறுவனம் 1960-கள்ல இருந்து மாஸி டிராக்டர்களைத் தயாரிக்குது. இந்த வகை வண்டிகளோட பவர் 35-லிருந்து 40 ஹெச்.பி. வட்டாரத்துல இருக்கும்.

சூத்திரம் ரொம்ப சிம்பிள்:

ஹெச்.பி. = டார்க் (நியூட்டன் மீட்டர்) × ஆர்.பி.எம். ÷ 7121

டார்க்னா முறுக்கு விசை, ஆர்.பி.எம்.னா நிமிஷத்துக்கு எத்தனை சுத்து. 130 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்.பி.எம். போட்டா 36.5 ஹெச்.பி. வருது. அதே இன்ஜின் ஆக்சிலரேட்டர் ராடு தேய்ஞ்சு 1700-க்கு மேல போகலன்னா? 31 ஹெச்.பி.தான். இன்ஜினுக்குள்ள ஒண்ணுமே கெடல, ஆனா 5.5 ஹெச்.பி. காணாம போச்சு.

இன்னொரு விஷயத்தை மனசுல ஆணி அடிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. பவர் டீசல்ல இருந்துதான் வருது. நல்ல டீசல் இன்ஜின் ஒரு ஹெச்.பி.யை ஒரு மணி நேரம் கொடுக்க சுமார் 0.22 லிட்டர் குடிக்கும். கூடுதலா 10 ஹெச்.பி.யை முழுசா பயன்படுத்தினா மணிக்கு 2.2 லிட்டர் கூடுதல், அதாவது சுமார் 200 ரூபாய். "பவரும் கூடும், மைலேஜும் கூடும்"னு யாராவது சொன்னா, 24% கேரண்டி ரிட்டர்ன்னு சொல்றவரைப் பார்க்குற அதே கண்ணோட பாருங்க.

பவர் ஏத்துற வழிகள், ஒவ்வொண்ணோட விலை

பழைய டிராக்டருக்கு பவர் ஏத்துறது உலகம் முழுக்க நடக்குறதுதான். கம்பெனிகளே செஞ்சிருக்காங்க. இங்கிலாந்துல 1946-லிருந்து 1956 வரை வந்த பெர்குசன் டி.இ.20 வண்டியோட பெட்ரோல் இன்ஜின்ல சிலிண்டர் விட்டத்தை 80 மில்லிமீட்டர்ல இருந்து 85 ஆக்கினாங்க. 1850 சி.சி. இன்ஜின் 2088 சி.சி. ஆச்சு. கிட்டத்தட்ட 13% அதிகம். அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்து எம் அண்ட் டபிள்யூ கியர் கம்பெனி, பழைய டிராக்டர்களுக்குப் பெரிய பிஸ்டனும் டர்போ கிட்டும் வித்தே பேர் வாங்கினது. ஆக இது சாத்தியம்தான். நம்ம கேஸுக்குப் பொருந்துமான்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*1. "போர் பண்ணா பவர் ஏறும்"*
பாதி உண்மை. இந்த இன்ஜினோட சிலிண்டர் விட்டம் 3.6 அங்குலம். 30 தவு பெருசாக்கினா 3.63. பரப்பளவு வெறும் 1.67% கூடும். 37 ஹெச்.பி. வண்டிக்கு அது 0.6 ஹெச்.பி. போர் பண்ணினதும் வண்டி சீறுதுன்னா, அது பெரிய பிஸ்டனால இல்ல. தேய்ஞ்சு போன கம்ப்ரஷன் திரும்பி வந்ததால. அது புது பவர் இல்ல, பழைய பவர்.

*2. பம்ப்ல டீசல் ஏத்தி விடுறது*
ரொம்ப மலிவு, ரொம்ப ஆபத்து. டீசல் பம்ப்ல அதிகபட்ச டீசல் அளவுக்கு ஒரு ஸ்க்ரூ உண்டு. அதை சீல் வெச்சிருப்பாங்க. அதைத் திருகினா வண்டி உடனே முறுக்கா இழுக்கும். ஆனா ஒரு கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காத்து வேணும், நடைமுறையில அதுக்கும் மேல. காத்து அதே அளவு, டீசல் மட்டும் அதிகம்னா மிச்சம் கருப்புப் புகையா போகும். உள்ள சூடு ஏறும். வேலைப் பளுவுல மணிக்கணக்கா ஓடினா பிஸ்டன் தலை உருகும். பக்கத்து ஊர்ல இப்படித் திருகின ஒரு வண்டி மூணாவது மாசமே நாத்து நடுற சீசன்ல நின்னுது. வண்டிக்காரர் சீசனையும் இழந்தார், இன்ஜினையும் இழந்தார். கிரெடிட் கார்டு லிமிட்டை ஏத்தி வாங்குறது மாதிரிதான் இது. லிமிட் ஏறும், சம்பளம் ஏறாது.

*3. டர்போ*
காத்தை அழுத்தி உள்ள தள்ளுது, அதனால கூடுதல் டீசல் ஒழுங்கா எரியும். தத்துவம் சரி. ஆனா சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும். ஹெட் கேஸ்கெட், பேரிங், ரேடியேட்டர் எல்லாம் பழைய அளவுக்குச் செஞ்சது. அதுக்குப் பின்னாடி கிளட்ச், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாமே 35 ஹெச்.பி.யை மனசுல வெச்சு செஞ்சது. இன்ஜின் தாங்கினாலும் அடுத்த செலவு கியர் பாக்ஸ்ல வரும். வேற வண்டியில இருந்து கழட்டின டர்போன்னா யார் பொறுப்பு? யாரும் இல்ல.

*4. சட்டம்*
இதை யாரும் பேசுறதில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. இன்ஜினையே மாத்தினாலும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் பதியணும். சொல்லாம செஞ்ச மாற்றம் ஒரு விபத்துல வெளிய வந்தா, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சிக்கலாகும். டிரெய்லர்ல ஆளுங்க ஏறிப் போற ஊர் நம்மளோடது. அந்த ரிஸ்க்குக்கு விலையே கிடையாது.

தொலைஞ்ச பவரைத் தேடினோம்

சித்தப்பாவோட பழைய மெக்கானிக்கை வரச் சொன்னோம். ஒரு நிபந்தனை வெச்சேன்: மலிவானது முதல்ல, விலை அதிகமானது கடைசில. ஒவ்வொண்ணுக்கும் பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கணும்.

முதல்ல காத்து. 2.5 லிட்டர் இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.ல நிமிஷத்துக்கு சுமார் 2,500 லிட்டர் காத்தை இழுக்கும். ஆயில் பாத் ஏர் கிளீனரைக் கழட்டினோம். அடியில ஆயில் இல்ல, அல்வா மாதிரி சேறு. கழுவி புது ஆயில் ஊத்தினோம். 600 ரூபாய்.

ரெண்டாவது டீசல் வழி. ஃபில்டர் ரெண்டும் மாத்தி, ஃபீட் பம்ப் சல்லடையைச் சுத்தம் பண்ணினோம். 900 ரூபாய்.

மூணாவது ஆக்சிலரேட்டர் ராடு. கையால முழுசா இழுத்தாலும் பம்ப்ல இருக்குற லீவர் கடைசி வரை போகல. புஷ் தேய்ஞ்சிருந்தது. 700 ரூபாய். ஆர்.பி.எம். திரும்பி வந்தது.

நாலாவது டயர். இது எனக்கே ஆச்சரியம். பின் டயர்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, சும்மா ஓட்டி பத்து சுத்துக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்தோம். 38 மீட்டர். கலப்பையை இறக்கி உழும்போது அதே பத்து சுத்துக்கு 28 மீட்டர். அதாவது 26% வழுக்கல். இன்ஜின் கொடுக்குற பவர்ல கால்வாசி மண்ணைக் கிளறிட்டுப் போகுது. டயர்ல தண்ணி நிரப்பி, காத்து அளவைச் சரி பண்ணி, வீட்டுப் பின்னாடி கிடந்த இரும்பு வெயிட்டை மாட்டினோம். 33 மீட்டர் வந்தது. வழுக்கல் 13%. இன்ஜினைத் தொடாமலே அதே நேரத்துல 18% கூடுதல் தூரம். செலவு 800 ரூபாய். உழவுல 10-லிருந்து 15% வரை வழுக்கல் இருக்குறது நல்ல நிலை.

அஞ்சாவது டேப்பட் செட்டிங், கம்ப்ரஷன் டெஸ்ட். 1,200 ரூபாய். மூணு சிலிண்டர்ல ஒண்ணு பலவீனம்னு தெரிஞ்சது.

ஆறாவது பம்ப் நாசில் சர்வீஸ். மெஷின்ல ஏத்தி, கம்பெனி அளவுக்கே செட் பண்ணச் சொன்னோம். "கொஞ்சம் ஏத்தி வைக்கட்டுமா?"னு கடைக்காரர் கேட்டார். சித்தப்பாவே "வேணாம்பா, இருக்குறது போதும்"னுட்டார். 11,500 ரூபாய்.

மொத்தம் 15,700 ரூபாய். தம்பி சேவிங்ஸ்ல இருந்து கொடுத்தான், கடன் இல்ல. பலவீனமான சிலிண்டர் விஷயத்துக்கு, வேலை இல்லாத மாசத்துல லைனர், பிஸ்டன், ரிங் செட் மாத்தினார். கூலியோட 48,000. இது எல்லாம் எங்க ஊர் பில். உங்க ஊர்ல கூடும், குறையும். வரிசை மட்டும் மாறாது.

மூணு வழிக்கும் கணக்கு

*வழி 1: பர்சனல் லோன், டர்போ, 6 அடி ரோட்டாவேட்டர்*
2.5 லட்சம், 14%, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 8,544 ரூபாய். மொத்தம் கட்டுறது 3.07 லட்சம். வட்டி மட்டும் 57,600. கட்டுறது டிராக்டர் இல்ல, தம்பியோட சம்பளம். வாடகை 9,000 போக, கைல 37,000 மிஞ்சுற பையனுக்கு இது கிட்டத்தட்ட கால்வாசி. அவனோட எமர்ஜென்சி ஃபண்ட் அப்போ 1.1 லட்சம். வண்டி பாதில நின்னா அதுவும் கரையும்.

*வழி 2: புது 45 ஹெச்.பி. வண்டி*
2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆச்சு. வரி இல்லாத விலை 6.5 லட்சம்னா 45,500 மிச்சம். நல்ல விஷயம்தான். ஆனா முன்பணம் 1.5 லட்சம் போட்டு, 6 லட்சம் கடனை 12% வட்டில 5 வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. 13,347. வட்டி மட்டும் 2 லட்சம். மாசா மாசம் கட்டுற மாதிரி இங்க கணக்குப் போட்டிருக்கேன். விவசாயிகளுக்கு அரையாண்டுத் தவணையும் உண்டு. வருஷத்துக்குக் கட்ட வேண்டியது 1,60,164 ரூபாய்.

அந்த நம்பரை மேல பாருங்க. சித்தப்பாவோட *நல்ல வருஷ* மிச்சம் 1,60,920. வித்தியாசம் 756 ரூபாய்!

"ரோட்டாவேட்டர் போட்டா மணிக்கு 1,300 கிடைக்குமே?" கிடைக்கும். ஆனா டீசல் மணிக்கு 5.5 லிட்டர் ஆகும், 506 ரூபாய். மணிக்கு மிச்சம் 794. பழைய வண்டிக்கு மணிக்கு மிச்சம் 632. கூடுதல் லாபம் மணிக்கு 162 ரூபாய்தான். புது வண்டில ரிப்பேர் செலவு வருஷத்துக்கு 15,000 குறையும்னு வெச்சாலும், இ.எம்.ஐ.யை ஈடுகட்ட வருஷத்துக்கு சுமார் 900 மணி நேரம் வாடகை வேலை வேணும். சித்தப்பாவோட உச்சம் 310.

ஒண்ணு நியாயமா சொல்லணும். உங்க ஊர்ல 900 மணி நேரத்துக்கு வேலை நிச்சயமா இருந்தா, கணக்கு அப்படியே திரும்பும். 5 வருஷத்துக்கு அப்புறம் இ.எம்.ஐ. இல்லாத ஒரு நல்ல வண்டி கைல இருக்கும். அந்த வேலைப் பளுவை முப்பது வருஷ வண்டி தாங்காது. அப்போ புதுசு வாங்குறதே சரி.

*வழி 3: இருக்குற பவரை மீட்குறது*
மொத்தச் செலவு 15,700 + 48,000 = 63,700. அடுத்த ஒரு வருஷத்துல வாடகை வேலை 275 மணி நேரம். மிச்சம் 2,75,000 – 1,01,200 – 35,000 = 1,38,800. முந்தைய வருஷத்தை விட 53,720 அதிகம். அதாவது போட்ட காசு சுமார் 14 மாசத்துல திரும்பி வந்தாச்சு. 310-ஐ இன்னும் தொடல. போன சில வாடிக்கையாளர்கள் திரும்பி வரல. அதையும் ஒத்துக்கணும். ஒரு ஏக்கர் உழவு மறுபடி ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு வந்திருக்கு.

ரோட்டாவேட்டர் ஆசையும் இருக்கு. ஆனா 6 அடி இல்ல. இந்த ஹெச்.பி.க்கு 5 அடிக்கு உள்ளதான் பொருத்தம். கடனுக்கு இல்ல, அடுத்த வருஷ மிச்சத்துல வாங்குறதா பேச்சு. வண்டிக்கேத்த கருவியை மாட்டுறதும் ஒரு வகைல பவர்தான்.

கடன் வாங்கியே ஆகணும்னா, எங்க வாங்கணும்?

48,000-க்கு சித்தப்பாகிட்ட காசு இல்ல. தம்பி திரும்ப ஆப்பைத் திறந்தான். நான் கேட்டேன், "சித்தப்பா, உங்ககிட்ட கிசான் கிரெடிட் கார்டு இருக்குல்ல?"

பல பேருக்குத் தெரியாதது இது. கிசான் கிரெடிட் கார்டு லிமிட் போடும்போது, பயிர்ச் செலவோட சேர்த்து, அதுல 20% விவசாயச் சொத்துக்களோட பராமரிப்பு, ரிப்பேருக்குன்னு சேர்க்கிறாங்க. 3 லட்சம் வரையான குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு வட்டி 7%. தவணைக்குள்ள கட்டிட்டா 3% சலுகை, ஆக 4%. உங்க அப்பாவோட லிமிட்ல ரிப்பேர் பங்கு எவ்வளவு, அதுக்கு என்ன வட்டின்னு பேங்க்ல நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. ஒரே நிபந்தனை: தேதிக்குள்ள கட்டணும். தம்பி தன் போன்ல ரிமைண்டர் போட்டான். அவன் செஞ்ச உண்மையான நிதி உதவி அதுதான்.

வரி பத்தி மூணு பாயிண்ட்

ஒண்ணு: அப்பாவுக்கு நீங்க கொடுக்குற பணம் நெருங்கிய உறவினருக்குக் கொடுக்குற பரிசு. அவருக்கு வரி இல்ல. அதை வெச்சு அவர் சம்பாதிக்கிறது உங்க வருமானத்தோட சேராது. ஆனா உங்களுக்கு அதனால வரி விலக்கும் கிடையாது. பர்சனல் லோன் வட்டியையும் சம்பளத்துல கழிக்க முடியாது.

ரெண்டு: சொந்த நிலத்து விளைச்சல் விவசாய வருமானம், மத்திய வருமான வரி இல்ல. ஆனா மத்தவங்க நிலத்தை வாடகைக்கு உழுது வர்ற பணம் விவசாய வருமானம் *இல்ல*, அது தொழில் வருமானம். சித்தப்பா விஷயத்துல அது அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழ, அதனால வரி வரல. உங்க வீட்டுல ரெண்டு மூணு வண்டி ஓடினா இதைக் கவனிங்க.

மூணு: விவசாய டிராக்டரோட ஆர்.சி. 15 வருஷம் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஊருக்குப் போனா ஆர்.சி. தேதியும் இன்ஷூரன்ஸ் தேதியும் பாருங்க. குறைஞ்சபட்சம் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

டிராக்டர் இல்லாதவங்களுக்கும்

இந்தக் கதையில நான் கத்துக்கிட்டதை அப்படியே சம்பளத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். "சம்பளம் பத்தல, ஹைக் வேணும்"னு நினைக்கிறப்போ, முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. யூஸ் பண்ணாத சப்ஸ்கிரிப்ஷன், மினிமம் டியூ மட்டும் கட்டுற கார்டு, சரியா தேர்வு செய்யாத வரி முறை, இதெல்லாம் வழுக்குற டயர். அதைச் சரி பண்ணிட்டு, அப்புறம் பெரிய இன்ஜினுக்கு ஆசைப்படுங்க.

முடிவெடுக்குறதுக்கு முன்னாடி மூணே கேள்வி:

1. நான் வாங்கப் போறது புது பவரா, தொலைச்ச பவரா?
2. இந்தக் கடனை அந்தச் சொத்து கட்டுமா, என் சம்பளம் கட்டுமா?
3. அப்பாவோட நோட்டைப் பார்த்தேனா?

மூணாவது கேள்வியை நான் என் மேஜை மேலயே எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பா வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சுட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டைத் தூக்கி கைல கொடுத்தார். "இந்த வருஷக் கணக்கையும் பார்த்துடு தம்பி, அப்புறம் சாப்பிடலாம்."

உங்க வீட்டுல இப்படி ஒரு பழைய வண்டி இருக்கா? வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. இந்தக் கணக்கோட வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. ஊர்ல இருக்குற அப்பாவோட உட்கார்ந்து பாருங்க. இங்க சொன்ன வட்டி, விலை எல்லாம் கணக்குப் புரியறதுக்காக எடுத்த உதாரணம். உங்க முடிவுக்கு உங்க நம்பரைப் போடுங்க.